விரட்டச் சொல்பவரும் விரட்டப் போகிறவரும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. முழுநிலா நாளில் அங்கே கால் வைக்க இடமிராது. மற்ற நாட்களில் ஓரளவு அமைதி நிலவும். மலைச்சரிவின் காப்புக்காட்டில் வாழும் புள்ளிமான்கள் சில வேளைகளில் சாலையோரம் வரை வந்து நிற்பதையும் காணலாம். அண்மையில் ஒரு வேலையாக அந்நகருக்குச் சென்றிருந்த நாம், அப்பாதையோரத் தேநீர்க் கடையொன்றில் முதியவர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்பைப் பெற்றோம். நகருக்கு மேற்கே, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் கரும்பு பயிரிடுபவர் அவர். பேரன் தம் கைபேசியில் காட்டிய காட்சி ஒன்றைப் பற்றி வியப்போடு பேசிக்கொண்டிருந்தார்.

"வடக்கே ஏதோ ஓர் ஊரில் ஹெலிகாப்டரை வைத்து மான்களை ஆட்டு மந்தைபோல ஓட்டிப் பிடிக்கிறார்கள், ஐயா. எங்கள் பக்கத்தில் யானை வந்து கரும்பை அழித்தபோது நாங்கள் தீப்பந்தத்தோடு இராப்பகலாக அலைந்தோம். அன்றைக்கே இப்படி ஒரு ஹெலிகாப்டரை அனுப்பியிருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்குமே! ஏன் அனுப்பவில்லை?"

கேள்வி நேர்மையானது. விளைந்த பயிரை ஒரே இரவில் இழந்தவர் கேட்கும் கேள்வி. அதற்கு அவ்விடத்திலேயே முழு விடை கூற நம்மால் இயலவில்லை. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அவருடைய கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

வடக்கே நிகழ்ந்தது யாது?

பெரியவர் கண்ட காட்சி மத்தியப் பிரதேச மாநிலத்தின் ஷாஜாபூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே வெளிமான்களும் நீலான்களும் பெருகி, உழவர்களின் விளைநிலங்களைத் தொடர்ந்து பாழ்படுத்தி வந்தன. அவற்றைச் சுட்டுக் கொல்லாமல் உயிரோடு பிடித்து வேறு காடுகளில் விடுவதென அரசு முடிவு செய்தது. 2025 அக்டோபரிலும் நவம்பர்த் தொடக்கத்திலும் அப்பணி நடைபெற்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வல்லுநர்கள் வழிகாட்டினர். 846 வெளிமான்களும் 67 நீலான்களும் பிடிக்கப்பட்டு, காந்தி சாகர், குனோ முதலிய காடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

முறை எளிமையானதாகவே தோன்றும். முதலில் திறந்த வெளியில், புனலைப் போல வாய் அகன்றும் முடிவு குறுகியும் இருக்கும் ஒரு தொழுவத்தை அமைக்கிறார்கள். அதன் பக்கங்களைத் துணியாலும் புல்லாலும் மறைத்துவிடுகிறார்கள். நால்வர் அமரக்கூடிய சிறிய ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து, மந்தையின் பின்னும் பக்கவாட்டிலும் திரும்பித் திரும்பி, விலங்குகளைத் தொழுவத்தின் வாய்க்குள் செலுத்துகிறது. உள்ளே நுழைந்ததும் பின்புறத்தில் திரை விழுகிறது. பிறகு குறுகிய முனையில் நிற்கும் வண்டிக்குள் அவை ஏற்றப்படுகின்றன. ஆப்பிரிக்க நாடுகளில் நெடுநாளாகக் கையாளப்பட்டு வரும் முறை இது.

ஷாஜாபூரில் இம்முறை பயனளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. பயிரும் தப்பியது, விலங்கும் உயிர் தப்பியது. ஆனால் அங்கிருந்தது பரந்த சமவெளி. அங்கிருந்தவை துரத்தினால் வெட்டவெளியில் ஓடும் இயல்புடைய மான்கள். நம் பெரியவரின் ஊரில் நிலைமை அவ்வாறிருந்ததா?

மலையடிவாரத்து ஆறு யானைகள்

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நிகழ்ந்ததை நம் வாசகர்களுள் பலர் நினைவில் வைத்திருக்கலாம். ஆறு காட்டு யானைகள் ஊர்ப்புறங்களிலும் விளைநிலங்களிலும் உலவி வந்தன. தீப்பந்தமும் பட்டாசும் தப்பட்டையும் கொண்டு விரட்டியும் அவை திரும்பிச் செல்லவில்லை. ஓர் ஊரார் விரட்டினால் அடுத்த ஊருக்குச் சென்றன. இறுதியில் வனத்துறையினர் பழக்கப்பட்ட கும்கி யானைகளை வரவழைத்து, மயக்க ஊசி செலுத்தி, அந்த ஆறு யானைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்தனர். 'ஆப்பரேஷன் மலை' என்பது அப்பணிக்கு இடப்பட்ட பெயர். பிடிபட்டவை முதுமலை, ஆனைமலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டன.

அங்கே ஹெலிகாப்டர் ஏன் வரவில்லை என்பதற்கு முதல் விடையை நிலமே கூறும். கரும்புத் தோட்டம், வாழைத் தோட்டம், ஏரிக்கரை, பாறைக் குன்று, இடையிடையே வீடுகள், வயலுக்கு வயல் மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பி, ஆங்காங்கே கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறுகள். இத்தகைய நிலத்தில் யானைக் கூட்டம் ஒன்றை மேலிருந்து மிரட்டினால் அது எத்திசையில் ஓடும் என்று எவராலும் கூற முடியாது. வீடுகளுக்குள் புகலாம்; குட்டி கிணற்றில் விழலாம்; மிரண்ட யானை வழியில் எதிர்ப்படுவோரை மிதிக்கலாம். மயக்க ஊசியும் கும்கியும் நேரமெடுத்துக்கொள்ளும் முறைகளே. எனினும், அவை ஒவ்வொரு யானையாக அணுகும் முறைகள். கூட்டம் முழுவதையும் ஒரே நொடியில் வெருட்டுவதில்லை.

வானிலிருந்து வரும் ஓசை யானையை என்ன செய்யும் என்பதைக் கம்பம் நகரத்தார் கண்கூடாகக் கண்டனர். 2023 மே மாதத்தில் 'அரிக்கொம்பன்' என்ற யானை தேனி மாவட்டத்துக் கம்பத்திற்குள் புகுந்தபோது, படம் பிடிக்கும் ஆசையில் ஒருவர் சிறு டிரோன் ஒன்றைப் பறக்கவிட்டார். அமைதியாக ஒதுங்கியிருந்த யானை மிரண்டு ஓடத் தொடங்கியது. பறக்கவிட்டவர் கைது செய்யப்பட்டார். கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சிறு பொறியே இவ்வளவு செய்யுமாயின், பெரிய ஹெலிகாப்டரின் பேரொலி என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மானும் இத்தகைய இடருக்கு விலக்கன்று. அளவுக்கு மீறித் துரத்தப்பட்ட மானின் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். பிடிபட்டபோது நலமாகக் காணப்பட்ட விலங்கு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துவிடும். ஆகையினாலேயே தேர்ந்த வல்லுநர்கள் வெயிலேறுமுன் வேலையைத் தொடங்கி, துரத்தும் நேரத்தைச் சுருக்கி, தளர்ந்த விலங்கை விட்டுவிடுகிறார்கள்.

இது விடையின் ஒரு பாதி மட்டுமே. மறு பாதியைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது விலங்கைப் பற்றியதன்று; அந்த ஹெலிகாப்டருக்குள் அமர்ந்திருக்கும் மனிதரைப் பற்றியது.

தாழப் பறப்பதில் உள்ள இடர்

தரைக்கு அருகில் பறந்தால் ஆபத்துக் குறைவு என்பது பொதுவாக நிலவும் எண்ணம். விழுந்தாலும் கொஞ்சம்தானே விழுவோம் என்று மனம் கணக்கிடுகிறது. ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை அக்கணக்குத் தலைகீழானது.

மகாகனி மரத்தின் சிறகுள்ள விதை உதிரும்போது சுழன்று சுழன்று மெல்ல இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். என்ஜின் நின்றுபோன ஹெலிகாப்டரும் ஏறத்தாழ அவ்வாறே இறங்க வல்லது. கீழிருந்து மேல் நோக்கிப் பாயும் காற்று அதன் பெரிய விசிறியைச் சுழல வைக்கும். அச்சுழற்சியைக் காத்து, தரையை நெருங்கும் தறுவாயில் அதன் வலிமையைப் பயன்படுத்தி, தேர்ந்த விமானி மெத்தென இறக்கிவிடலாம். ஆனால் இதற்கு இரண்டில் ஒன்று வேண்டும்: போதிய உயரம், அன்றேல் போதிய வேகம். உயரமிருந்தால் விசிறி வேகம் பெற நேரம் கிடைக்கும். வேகமிருந்தால் அதையே முதலாக வைத்து இறங்கலாம். தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பவருக்கு இரண்டும் இல்லை. சிறிய ஹெலிகாப்டர்களில் என்ஜின் நின்றதை உணர்ந்து கையை இயக்க விமானிக்குக் கிடைப்பது ஓரிரு வினாடிகளே. விலங்குகளை மேய்க்கும் ஹெலிகாப்டரோ பணி நேரத்தில் பெரும் பகுதியை அந்த நிலையில்தான் கழிக்கிறது.

அதோடு முடியவில்லை. மந்தையிலிருந்து ஒரு மான் விலகி ஓடினால் அதை மடக்க ஹெலிகாப்டர் திடுமெனத் திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்புகையில் எதிர்க்காற்று முதுகுக் காற்றாக மாறும். தாங்கும் ஆற்றல் குறையும். மரக்கிளை அருகில் வரும். புழுதி கண்ணை மறைக்கும். இவை யாவற்றையும்விடக் கொடியது ஒன்றுண்டு. விமானியின் கண் விலங்கின் மேல் நிலைத்துவிடுகிறது. விலகி ஓடும் ஆட்டைத் துரத்தும் சிறுவன் காலடியிலிருக்கும் கிணற்றைக் காண்பதில்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும். எந்தக் கூர்மையான கவனம் அவரை நல்ல மேய்ப்பராக்குகிறதோ, அதுவே அவருடைய கண்ணை மின்கம்பியிலிருந்தும் எரிபொருள் முள்ளிலிருந்தும் திருப்பிவிடுகிறது.

நம் மாநிலத்தில் ஹெலிகாப்டர் விபத்து என்றதும் நம் நெஞ்சில் எழுவது 2021 டிசம்பர் 8-ஆம் நாள். குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்படப் பதினால்வர் உயிரைப் பறித்த நாள் அது. திடீரென மாறிய வானிலையால் மேகத்துக்குள் புகுந்து, விமானி இடமறியும் உணர்வை இழந்து, மலைச்சரிவில் மோதியதாக முப்படை விசாரணை கூறியது. அது மேய்ச்சல் பணியன்று; போக்குவரத்துப் பயணம். எனினும், நிலத்துக்கு அருகில் பறப்போருக்குத் தவற்றைத் திருத்திக்கொள்ள நேரமில்லை என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

ஒரு தந்தையும் இரு மைந்தரும்

இத்தொழிலின் விலையை முழுமையாகக் கொடுத்த நாடு நியூசிலாந்து. அத்தீவுகளில் மான் இனம் முன்பு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டனர். அவற்றை வேட்டையாடித் தின்னும் விலங்கு அங்கு இல்லாமையால் அவை பெருகி மலைக்காடுகளை அழித்தன. 1960-களில் ஹெலிகாப்டரிலிருந்து அவற்றைச் சுட்டு இறைச்சியை ஏற்றுமதி செய்யும் தொழில் தோன்றியது. 1970-களில் மான் பண்ணைகள் பெருகவே, உயிருள்ள மானுக்கு விலை ஏறியது. அப்போது இளைஞர்கள், தாழப் பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து ஓடும் மானின் முதுகின்மேல் குதித்து அதைக் கட்டிப் பிடித்தார்கள். பின்னரே வலை வீசும் துப்பாக்கி வந்தது. பள்ளத்தாக்குகளில் விழுந்து நொறுங்கிய ஹெலிகாப்டர்கள் பல; இறந்தோரும் ஊனமுற்றோரும் பலர்.

அத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் டிம் வாலிஸ். 1968-இல் அவர் ஓட்டிய ஹெலிகாப்டர் மின்கம்பியில் மோதி விழுந்தது. முதுகெலும்பு முறிந்தது, ஒரு கால் வாழ்நாள் முழுவதும் சரிவர இயங்கவில்லை. அவரோ மீண்டும் பறந்தார். மான் பண்ணைத் தொழிலை நாட்டின் பெருந்தொழில்களுள் ஒன்றாக வளர்த்தார். 'சர்' பட்டமும் பெற்றார். அவருடைய மைந்தரும் விமானிகளாயினர். 2018 ஜூலையில் அவர்களுள் ஒருவர் ஓட்டிய ஹெலிகாப்டர் வனாகா ஏரியில் விழுந்தது, அவர் இறந்தார். மூன்றே மாதம் கழித்து, அக்டோபர் 18-ஆம் நாள், மற்றொரு மைந்தர் வனாகா விமான நிலையத்திலிருந்து புறப்பட்டார். உடன் இயற்கைப் பாதுகாப்புத் துறை அலுவலர் இருவர் இருந்தனர். மலையில் பெருகிவிட்ட இமாலய வரையாடுகளைக் குறைக்கும் பணிக்காகச் சென்றனர். புறப்பட்ட சில நிமிடங்களில் ஹெலிகாப்டர் விழுந்தது. மூவரும் மாண்டனர்.

காரணம் என்னவென்று விசாரணைக் குழு நெடுநாள் ஆராய்ந்தது. பறக்கும்போது பின்கதவு ஒன்று திறந்துகொண்டது; உள்ளேயிருந்த வேலையாடை ஒன்று வெளியே பறந்து, வாலிலுள்ள சிறு விசிறியில் சிக்கியது. வால் விசிறி இயங்காவிடில் ஹெலிகாப்டர் தன்னிலை இழந்து சுழலும். பெரும் புயலோ என்ஜின் கோளாறோ அங்கே காரணமாகவில்லை. ஒரு கதவும் ஒரு துணியும் மூன்று குடும்பங்களை நிலைகுலையச் செய்தன. இரு மைந்தரைப் பறிகொடுத்த தந்தை 2023-இல் மறைந்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த இமாலய வரையாடு நம் நாட்டு இமயச் சரிவுகளைச் சேர்ந்த விலங்கு. நம் மாநில விலங்காகிய நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்து உறவு. 1904-இல், வேட்டை விளையாட்டுக்கென அது நியூசிலாந்து மலைகளில் கொண்டுபோய் விடப்பட்டது. பொழுதுபோக்கிற்காகச் சிலர் ஒரு காலத்தில் செய்த செயல், நூற்றுப்பதினான்கு ஆண்டுகள் கழித்தும் ஆட்களை ஆபத்தான பணிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. விலங்கை இடம் மாற்றுபவர் வருங்காலத்தின் மேலும் ஒரு சுமையை ஏற்றிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆஸ்திரேலியாவில் கால்நடை மேய்ப்பதற்கே சிறு ஹெலிகாப்டர்கள் நாள்தோறும் பறக்கின்றன. அங்கே 2022 பிப்ரவரி 28-ஆம் நாள், வடபகுதியிலுள்ள ஆர்னெம் நிலத்தில், பண்ணைக்காக முதலை முட்டை சேகரிக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. ஹெலிகாப்டரின் அடியில் நீண்ட கயிற்றில் தொங்கியவாறு ஒருவர் சதுப்பிலுள்ள கூடுகளில் இறங்குவார். பறக்கும்போது என்ஜின் நின்றது. கயிற்றில் தொங்கியவர் இறந்தார்; விமானி படுகாயமுற்றார். எரிபொருள் தீர்ந்துபோனதே காரணமாக இருந்திருக்க வேண்டுமென்று விசாரணை கண்டது. எரிபொருள் குறைந்து வருவதை விமானி உரிய நேரத்தில் உணரவில்லை. இருசக்கர வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் தள்ளிக்கொண்டு வீடு சேரலாம். வானத்தில் அவ்வாறு ஒதுங்கி நிற்க ஓரமில்லை.

நம் மண்ணிலும் அதே கம்பி

'இவை தொலைதேசத்துக் கதைகள். நம்மிடம் ஹெலிகாப்டரும் இல்லை, விபத்தும் இல்லை' என்று ஆறுதல் கொள்ள முடியுமா? முடியாது. நம் நாட்டில் விரட்டும் பணி தரையில் நடைபெறுகிறது. ஆயினும் இடரின் தன்மை மாறவில்லை.

திருவண்ணாமலைக்கு அண்டை மாவட்டமாகிய தருமபுரியில், 2023 மார்ச் 18-ஆம் நாள், ஊர்ப்புறம் வந்த ஆண் யானை ஒன்றை வனத்துறையினர் கண்காணித்துப் பின்தொடர்ந்தனர். கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை ஒன்றில் அது ஏறியது. மேலே மின்கம்பி தாழத் தொங்கிக்கொண்டிருந்தது. யானையின் தலை கம்பியைத் தொட்டது. அவ்விடத்திலேயே சரிந்து மாண்டது. நியூசிலாந்தில் விரட்டியவரை வீழ்த்திய அதே மின்கம்பி, நம் மண்ணில் விரட்டப்பட்டதை வீழ்த்தியது. அவ்விபத்துக்குச் சில நாட்கள் முன்னர்தான் அதே மாவட்டத்து மாரண்டஹள்ளிப் பகுதியில் திருட்டுத்தனமாக இடப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டிருந்தன. குட்டிகள் இரண்டு மட்டும் தப்பித் தாயின் உடலருகே நின்ற காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அதே ஆண்டில் கர்நாடகத்து ஹாசன் மாவட்டம் இரு இழப்புகளைக் கண்டது. ஆகஸ்டு இறுதியில், மயக்க ஊசி செலுத்துவதில் வல்லவர் ஒருவர் காட்டு யானையை நெருங்கியபோது அதனால் தாக்கப்பட்டு இறந்தார். டிசம்பர் 4-ஆம் நாள், மைசூர்த் தசரா விழாவில் எட்டு முறை பொன் அம்பாரி சுமந்த 'அர்ஜுனா' என்ற யானை, காட்டு யானையைப் பிடிக்கும் பணியில் அதனோடு மோதி உயிர் நீத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நம் முதுமலைத் தெப்பக்காட்டு முகாமிலேயே பாகர் ஒருவர் முகாம் யானையால் தாக்கப்பட்டு இறந்தார். கும்கிகளை வளர்த்து ஆளும் தொழிலே இத்தகையது.

ஹெலிகாப்டராயினும் கும்கியாயினும் தீப்பந்தமாயினும், விரட்டுகிறவரும் விரட்டப்படும் விலங்கும் ஒரே ஆபத்துக்குள் சேர்ந்தே நுழைகின்றனர் என்பதை இவற்றால் அறிகிறோம். வெளியே நின்று பார்ப்பவர் மட்டுமே பாதுகாப்பாக இருக்கிறார். அவரே 'இன்னுமா விரட்டவில்லை?' என்று உரத்துக் கேட்பவருமாவார்.

அவசரம் யாருடையது?

மேய்ப்பவரை நம் முன்னோர் 'ஆயர்' என்றனர். திருச்சபையில் நம்மை வழிநடத்துபவரையும் அச்சொல்லாலேயே அழைக்கிறோம். அச்சொல்லுக்குள் ஒரு கடமை அடங்கியிருக்கிறது. மந்தையைக் காக்கும் பொறுப்பு ஆயருக்கு உண்டு. ஆனால் அந்த ஆயரைக் காக்கும் பொறுப்பு யாருக்கு? அவரை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அனுப்பிவிட்டு, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காத்திருக்கும் நமக்கன்றோ?

விபத்து விசாரணைகளைக் கூர்ந்து படிப்போர் ஓர் உண்மையை அறிவர். கதவு, துணி, எரிபொருள், கம்பி என்று அவை கூறும் காரணங்களுக்குப் பின்னால் அடிக்கடி அவசரம் நின்றுகொண்டிருக்கும். இன்றைக்கே முடிக்க வேண்டும். வாடகை மணிக்கணக்கில் ஏறுகிறது. மேலிடத்திலிருந்து தொலைபேசி வருகிறது. ஊரார் சாலையை மறிக்கின்றனர். இவ்வாறு நெருக்கப்பட்ட மனிதர், கதவின் தாழ்ப்பாளை மறுமுறை தொட்டுப் பார்க்க மறக்கிறார். இரவெல்லாம் விழித்த வேட்டைத் தடுப்புக் காவலர், மறுநாளும் யானையின் முன் நிற்கிறார். களைப்பு அவர் காலை ஒரு நொடி தாமதிக்கச் செய்கிறது. யானைக்கு அந்த ஒரு நொடி போதும்.

நம் உழவர்களின் துயரைச் சிறிதாக எண்ணுகிறோம் என்று எவரும் கருதவேண்டா. கடன் வாங்கி நட்ட கரும்பு மண்ணோடு மண்ணாவதைப் பார்த்தவர் பொறுமையிழப்பது இயல்பு. அவருக்கு உரிய இழப்பீடு உரிய காலத்தில் கிடைக்குமாயின் அவருடைய குரலிலுள்ள பாதி அவசரம் தானே தணியும். ஆகவே, விரட்டுகிறவரின் உயிரைக் காக்கும் வழிகளுள் உழவருக்குக் காலம் தாழ்த்தாமல் இழப்பீடு வழங்குவதும் ஒன்று என்று அரசினருக்குக் கூறுவோம்.

நம் இல்லங்களுக்கும் கூறவேண்டியவை சில உண்டு. யானையோ கரடியோ ஊருக்குள் வந்துவிட்டது என்று கேள்வியுற்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஓடாதிருப்போம். கூட்டம் கூடினால் விலங்குக்கு வெளியேறும் வழி அடைபடும். பணியாளரின் கவனம் விலங்கிலிருந்து நம்மைக் காப்பதற்குத் திரும்பும். மெய்யாகவே அது அவர்களைக் கொல்லக்கூடிய கவனச் சிதறல். டிரோன் வைத்திருக்கும் இளைஞர், அதனை அந்நேரத்தில் பெட்டிக்குள் வைக்கட்டும். வயலிலோ ஏரிக்கரையிலோ மின்கம்பி தாழத் தொங்கினால் யானை வரும்வரை காத்திராமல் இன்றே மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுப்போம். அது யானைக்கு மட்டுமன்று, வைக்கோல் ஏற்றிச் செல்லும் நம் வண்டிக்கும் நன்று. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறவர் நம் உறவினரேயாயினும் கண்டித்துத் தடுப்போம். பகலில் கரும்புக்குள் ஒதுங்கிய யானை, தொந்தரவு இல்லாவிடில், இருள் கவிந்ததும் தானே நகர்ந்து செல்லக்கூடும். அந்த ஒரு பகற்பொழுதைக் காத்திருந்து கொடுப்பது நம்மால் ஆகாததன்று.

அறிவியலையும் நாம் வெறுப்பதற்கில்லை. திறந்த சமவெளியில், பழகிய விமானியைக் கொண்டு, நேரமும் எரிபொருளும் இடைவேளையும் கணக்கிட்டுச் செய்யுமிடத்து ஹெலிகாப்டர் பெரிதும் உதவும் என்பதை ஷாஜாபூர் காட்டியது. 'இன்று வேண்டா, காற்று சரியில்லை' என்று சொல்லும் உரிமை அந்த விமானிக்கு இருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. அவ்வுரிமை இல்லாத இடத்தில் எந்தப் பொறியும் பாதுகாப்பானதன்று.

மீண்டும் தேநீர்க் கடைக்கு

அன்று அப்பெரியவரிடம் நாம் கூறியது இவற்றுள் சிறு பகுதியே. டிம் வாலிஸின் இரு மைந்தரைப் பற்றிச் சொன்னபோது அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டார். சற்று நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 2013-இல் தம் ஊருக்கு வந்த வனக் காவலர் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இருபத்தைந்து வயதுகூட இராதாம். மூன்று இரவுகள் தொடர்ந்து விழித்திருந்தாராம்.

"நாங்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, 'உனக்குச் சம்பளம் எதற்கு?' என்று ஏசினோம், ஐயா. அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக் கிழவிதான் அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடியும் கரும்புக்குள்ளே போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை."

அன்பர்களே, அடுத்த முறை நம் ஊருக்கு வருபவர் ஹெலிகாப்டரில் வரலாம். கும்கியின் முதுகில் வரலாம். கையில் ஒரு கம்போடும் விளக்கோடும் நடந்து வரலாம். அவர் உள்ளே போகுமுன் அவருடைய பெயரைக் கேட்போம். அவர் உண்டாரா, உறங்கினாரா என்று வினவுவோம். அவர் திரும்பி வரும்வரை, விரைந்து முடிக்கச் சொல்லிக் குரல் எழுப்பாதிருப்போம்.